பழைய கட்டடம், யார் காசு?

மும்பையில் மே மாதம் வந்தால் இரண்டு விஷயம் தவறாமல் நடக்கும். ஒன்று, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காது. இரண்டு, மழைக்கு முன்னால் "மிக ஆபத்தான கட்டடங்கள்" என்று ம்ஹாடா ஒரு பட்டியல் வெளியிடும். (ம்ஹாடா என்பது மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி ஆணையம். நம் ஊர் வீட்டுவசதி வாரியத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பட்டியலில் பேர் வந்தவர்களைக் காலி செய்யச் சொல்வார்கள். அவர்களில் பலர் காலி செய்ய மாட்டார்கள். ஜூலையில் நல்ல மழை பிடிக்கும்போது எங்கேயாவது ஒரு கட்டடம் விழும். டிவியில் இரண்டு நாள் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

"விழப்போகிற வீட்டில் ஏன்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நூறு வருஷக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பி.காம். படித்தவன், வக்கீல் இல்லை, சரித்திரப் பேராசிரியரும் இல்லை. ஆனால் எந்தக் கதையிலும் "யார் காசு கொடுத்தார்கள்?" என்று பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. அந்தக் கண்ணோடு இதைப் பார்க்கலாம். பதிவு கொஞ்சம் நீளம், காபியோடு உட்காருங்கள்.

பிளேக்கிலிருந்து ஆரம்பம்

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலான, காற்றே புகாத குடியிருப்புகள்தான் காரணம் என்று வெள்ளைக்காரர்கள் முடிவு கட்டி, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சந்து பொந்துகளை இடித்து அகலமான தெரு போடுவது, வடக்கே காலியாக இருந்த நிலத்தில் மனை பிரித்துக் குத்தகைக்கு விடுவது - இதுதான் வேலை. பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு எல்லாம் அப்படி வந்தவை. வடக்கே போட்ட மனைகள்தான் தாதர், மாட்டுங்கா, சயான். ஆம், நம் ஜனங்கள் இட்லிக்கும் பூஜைச் சாமானுக்கும் இன்றும் போகிற அதே மாட்டுங்காதான். வேலை தேடி வந்த தமிழ்க் குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் அங்கே குடியேறி, 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கிப் பள்ளிக்கூடம் நடத்துகிற அளவுக்கு வேரூன்றினார்கள்.

மில் தொழிலாளிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவனுக்குச் சால். நீள வராந்தா, வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ். பெரும்பாலும் தனியார் கட்டியவை. அரசும் கட்டியது. 1920-ல் பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் என்று துறை ஏற்படுத்தி ஒர்லி, நைகாவ், டிலைல் ரோடு, சிவ்டி நான்கு இடங்களில் 200-க்கு மேற்பட்ட சால்கள் எழுப்பினார்கள். தரையும் மூன்று மாடியும், ஒரு கட்டடத்துக்கு 80 அறை, ஒரு அறை 160 சதுர அடி. 160 சதுர அடியில் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. (நம் வீட்டு ஹாலை ஒருமுறை அளந்து பாருங்கள்.)

முதல் கட்டம்: வீட்டுக்காரர் காசு

முதல் உலக யுத்தத்தில் விலைவாசி ஏறியபோது வாடகையும் ஏறியது. 1918-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, யுத்த காலத்துக்கு மட்டும் என்று. கொஞ்ச வருஷத்தில் அது போனது. இரண்டாம் யுத்தம் வந்ததும் சட்டமும் திரும்ப வந்தது. கடைசியில் 1947-ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம்தான் கதையின் கதாநாயகன், அல்லது வில்லன். நீங்கள் குடியிருப்பவரா, வீட்டுக்காரரா என்பதைப் பொறுத்தது :-)

அந்தச் சட்டம் சொன்னது எளிமையான ஒன்று. 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி என்ன வாடகை இருந்ததோ அதுதான் நியாய வாடகை. அதற்கு மேல் கேட்கக் கூடாது, காரணமில்லாமல் காலி செய்யவும் சொல்லக் கூடாது.

அன்றைக்கு அது தேவையான சட்டம் என்றே நினைக்கிறேன். யுத்தம் முடிந்த நேரம், பிரிவினையில் சிந்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் அகதிகள் வந்து இறங்கிய நேரம். சட்டம் இல்லாவிட்டால் குமாஸ்தா சம்பளக்காரர்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள், அவர்களில் நம் தாத்தாக்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தற்காலிகம் என்று வந்த சட்டத்தை நீட்டித்துக்கொண்டே போனார்கள். 1950 போனது, 60 போனது, 70 போனது. அரிசி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, சிமெண்ட் விலை ஏறியது. வாடகை மட்டும் 1940-லேயே நின்றது.

ஒரு கணக்கு போடலாம். 12 குடித்தனம், ஆளுக்கு 50 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 7,200 ரூபாய். இதில் மாநகராட்சி வரி, தண்ணீர், படிக்கட்டு விளக்கு. மொட்டை மாடி ஒழுகினால்? பம்பாயின் பழைய கட்டடங்கள் பல மரச்சட்டத்தில் நிற்பவை. தேக்கு உத்திரம், நடுவே செங்கல். குளியலறைத் தண்ணீர் கசிந்து உத்திரத்தின் நுனியைத்தான் முதலில் அரிக்கும். கடல் காற்று இரும்பைத் தின்னும். உத்திரம் மாற்ற ஆகிற செலவில் பத்து வருஷ வாடகை போய்விடும். எந்த வீட்டுக்காரர் செய்வார்? அவர் செய்த ஒரே காரியம், கட்டடம் தானாக விழட்டும் என்று காத்திருந்ததுதான். கட்டடம் விழுந்தால் குடித்தனக்காரர் போய்விடுவார், நிலம் மிஞ்சும்.

அதாவது ஏழைக்கு வீடு என்பது அரசின் கடமை. ஆனால் பில்லை அரசு வீட்டுக்காரர் பெயரில் எழுதியது. வீட்டுக்காரர் அதைக் கட்டடத்தின் பெயரில் எழுதிவிட்டார்.

நடுவில் பகடி

தமிழில் பகடி என்றால் கேலி. இங்கே பகடி என்றால் தலைப்பாகை, அதாவது மரியாதைக்குக் கொடுக்கிற பணம். வாடகை ஏற்ற முடியாது என்றதும் சந்தை வேறு வழி கண்டுபிடித்தது. குடி வரும்போது மொத்தமாக ஒரு பெரிய தொகை, பெரும்பாலும் ரொக்கம், ரசீது கிடையாது. அதன் பிறகு மாதம் சொற்ப வாடகை, காலாகாலத்துக்கும் இருந்துகொள்ளலாம். விட்டுப் போகும்போது புதிதாக வருபவரிடம் பகடி வாங்கிக்கொள்ளலாம், அதில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. 1947 சட்டப்படி இது குற்றம். ஆனாலும் ஊரே செய்தது.

நான் மத்திய மும்பையில் ஒரு கிளையில் இருந்தபோது மாமி ஒருவர் வந்தார். எழுபது வயது இருக்கும். பேரன் படிப்புக்குக் கடன் வேண்டும், வீட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு காகிதம் எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாம் வாடகை ரசீது.

"மாமி, இது ரசீது. வீட்டுப் பத்திரம் இருக்கா?"

"பத்திரம் ஏது சார்? எங்க மாமனார் பகடி குடுத்து வாங்கின வீடு. அறுபது வருஷமா இங்கதான் இருக்கோம்."

"ரசீதுல வாடகைன்னுதானே போட்டிருக்கு..."

"அப்போ அது எங்க வீடு இல்லையா?"

என்ன சொல்வது? அவரை யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் விற்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். உரிமைப் பத்திரம் இல்லாததால் வங்கி அடமானம் எடுக்காது. மராமத்துக் கடனும் கிடைக்காது. அந்தப் பகுதியில் சொந்த ஃபிளாட் விலை கோடிகளில். அத்தனை மதிப்புள்ள இடத்தில் உட்கார்ந்துகொண்டு மாமியால் பேரன் ஃபீஸுக்கு அதில் ஒரு ரூபாய் புரட்ட முடியவில்லை. பிறகு வேறு வழியில், மகனை உத்தரவாதமாகப் போட்டுக் கல்விக் கடன் கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. மும்பையின் பழைய கட்டடப் பிரச்சினை முழுவதும் அந்த ஒற்றைக் கேள்விதான்: அது யார் வீடு? யாருடையது என்று தெரியாத வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்?

இரண்டாம் கட்டம்: எல்லார் காசும் கொஞ்சம் கொஞ்சம்

1960-களில் கட்டடங்கள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொரு மழைக்கும் சாவு. 1968-ல் பேடேகர் கமிட்டி அமைத்தார்கள். 1969-ல் கட்டட மராமத்து, புனரமைப்பு வாரியத்துக்கான சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் மேல் ஒரு தனி வரி போடுவது, அதோடு அரசும் மாநகராட்சியும் பங்கு போட்டு வாரியமே மராமத்து செய்வது என்பது திட்டம். அந்த வரிக்கு செஸ் என்று பேர். அதனால்தான் இங்கே இவற்றை "செஸ் கட்டடம்" என்பார்கள்.

கணக்கெடுத்தபோது தீவு நகரத்தில், அதாவது கொலாபாவிலிருந்து சயான், மாஹிம் வரை, 19,642 கட்டடங்கள். மூன்றாகப் பிரித்தார்கள். 1940 செப்டம்பர் 1-க்கு முன் கட்டியவை ஏ பிரிவு, 16,502. அதிலிருந்து 1950 கடைசி வரை பி பிரிவு, 1,489. 1951-லிருந்து 1969 செப்டம்பர் வரை சி பிரிவு, 1,651. அந்தத் தேதியைக் கவனித்தீர்களா? வாடகை உறைந்த அதே 1940 செப்டம்பர் 1. அன்றைக்கு நின்ற கடிகாரத்தை வைத்தே அடுத்த சட்டமும் நேரம் பார்த்தது.

1977-ல் ம்ஹாடா வந்ததும் இந்த வாரியம் அதற்குள் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான கட்டடங்களுக்கு முட்டு கொடுத்தார்கள், மரத்தை எடுத்து இரும்பு உத்திரம் வைத்தார்கள், கழிவறை மாற்றினார்கள். இதைச் செய்யாவிட்டால் இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள். அந்தப் பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று செலவுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் "மராமத்துக்கு லாயக்கில்லை" என்று எழுதிவிட்டு ஆட்களைக் காலி செய்யச் சொல்வார்கள்.

காலி செய்தால் எங்கே போவது? டிரான்சிட் கேம்ப். தற்காலிக முகாம் என்று பேர். சயான் பிரதீக்ஷா நகர் பக்கம் போய் விசாரித்துப் பாருங்கள். தற்காலிகமாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கேயே கல்யாணம் ஆகி, அவர்கள் பிள்ளைகளும் ஸ்கூலுக்குப் போகிறார்கள். பழைய கட்டடத்தை இடித்தாகிவிட்டது. புதியது எழும்பவில்லை. மனை சின்னது, அல்லது சாலைக்குப் போய்விட்டது, அல்லது கேஸ் நடக்கிறது.

உறவினர்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். விழப்போகிற வீட்டை விட்டு ஜனங்கள் ஏன் போவதில்லை? முட்டாள்தனத்தால் அல்ல. உள்ளே இருக்கிற வரைதான் உரிமை என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். கட்டடம் விழுவது ஒரு வாய்ப்பு, போனால் திரும்ப முடியாது என்பதோ அவர்களுக்குத் தெரிந்த நிச்சயம். ரிஸ்க் கணக்கு போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சில சமயம் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

1985 டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்குப் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி 100 கோடி ரூபாய் அறிவித்தார். தாராவிக்கும் பழைய கட்டடங்களுக்கும் அதில் பங்கு. சில கட்டடங்கள் புதிதாக எழும்பின. வேடிக்கை என்னவென்றால், வாரியம் அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த கட்டடங்களே இப்போது பழசாகி, எங்களுக்கும் புனரமைப்பு வேண்டும் என்று அங்கே இருப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

1986-ல் ம்ஹாடா சட்டத்தில் புதிய அத்தியாயம் ஒன்று சேர்த்தார்கள். குடியிருப்பவர்களில் 70 சதவீதம் பேர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தால், மாத வாடகையைப் போல் 100 மடங்கு கொடுத்துக் கட்டடத்தையும் நிலத்தையும் கையகப்படுத்திக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்கில் மாத வாடகை 600 ரூபாய். 100 மடங்கு 60,000 ரூபாய். மும்பையில் ஒரு முழு மனை, கட்டடத்தோடு, 60,000 ரூபாய்! வீட்டுக்காரர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 1992-ல் உச்சநீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வங்கிகளுக்கு வந்த ஓலை

இந்த இடத்தில் எங்கள் கதையும் கொஞ்சம். பழைய வாடகையில் ஏழைகள் மட்டும் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஃபோர்ட்டிலும் கால்பாதேவியிலும் பெரிய கம்பெனிகளும் வங்கிக் கிளைகளும் அதே அடிமாட்டு வாடகையில்தான் உட்கார்ந்திருந்தன. விதவை ஒருவர் வீட்டுக்காரர், கோடிக்கணக்கில் லாபம் காட்டுகிற நிறுவனம் குடித்தனக்காரர் என்றாலும் சட்டம் குடித்தனக்காரர் பக்கம்தான்.

1997 டிசம்பரில் மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் உச்சநீதிமன்றம், உறைந்துபோன வாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று சொன்னது. சட்டத்தின் ஆயுள் 1998 மார்ச் 31-ல் முடிய இருந்ததால் அதை அடித்துப் போடாமல், புதுச் சட்டம் கொண்டு வாருங்கள் என்று விட்டது. அப்படி வந்ததுதான் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999. அமலுக்கு வந்தது 2000 மார்ச் 31.

இதில் மூன்று மாற்றம் முக்கியம். வருஷத்துக்கு 4 சதவீதம் வாடகை ஏற்றலாம். பகடி வாங்குவது இனிக் குற்றமில்லை. மூன்றாவதாக, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் உள்ள கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு கிடையாது. மறுநாளே வங்கிகளுக்கு நோட்டீஸ் பறந்தது என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிளைகளின் வாடகைக் கோப்புகளில் பாதி கோர்ட் காகிதமாகத்தான் இருக்கும். எங்கள் செலவு ஏறியது உண்மை. ஆனாலும் அந்தத் திருத்தம் நியாயமானது என்றே சொல்வேன்.

வீடுகளுக்கோ 4 சதவீதம். 2000-ல் 50 ரூபாய் வாடகை, 25 வருஷம் கூட்டு வட்டி மாதிரி ஏற்றினாலும் 2025-ல் சுமார் 133 ரூபாய். ஒரு தோசையும் காபியும். பிரச்சினை அங்கேயே நிற்கிறது.

வாடகைக்கு இருக்கும் நமக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. 1973-ல் ஒரு திருத்தம், அதுவரை லைசென்ஸில் இருந்தவர்களையும் வாடகைதாரராக்கியது. அன்றிலிருந்து மும்பை வீட்டுக்காரருக்கு ஒரு பயம். "கம்பெனி லீஸா? குடும்பமா? எப்போ காலி பண்ணுவீங்க?" என்று குடைவதும், 11 மாத ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியையும் அழுத்திச் சொல்வதும், வீட்டைப் பூட்டி வைத்தாலும் வைப்பேன் என்பதும் அந்தப் பயத்தின் பிள்ளைகள். பழைய குடித்தனக்காரருக்குக் கொடுத்த பாதுகாப்பின் விலையில் கொஞ்சம் புதிதாக வந்த நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் கட்டம்: வானத்தின் காசு

1991-ல் மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 33(7) என்று ஒன்று வந்தது. இதைப் புரிந்துகொள்ள எஃப்.எஸ்.ஐ. புரிய வேண்டும். மனை 1,000 சதுர மீட்டர், எஃப்.எஸ்.ஐ. 1.33 என்றால், எல்லா மாடியும் சேர்த்து 1,330 சதுர மீட்டர்தான் கட்டலாம். தீவு நகரத்துக்கு அதுதான் அளவு. ஆனால் பழைய கட்டடங்களில் பல, விதி வருவதற்கு முன்பே அதைவிட அதிகம் கட்டப்பட்டவை. இடித்துக் கட்டினால் இருப்பதைவிடச் சின்னதாகத்தான் கட்ட முடியும். பிறகு யார் இடிப்பார்?

33(7) இதைத் திறந்துவிட்டது. செஸ் கட்டடத்தை இடித்து, பழைய குடித்தனக்காரர்களுக்கு இலவசமாக ஃபிளாட் கொடுத்தால், கூடுதலாகக் கட்டி விற்றுக்கொள்ளலாம். முதலில் 2 வரை, சுக்தாங்கர் கமிட்டிக்குப் பிறகு 1999-ல் 2.5 வரை, 2018-ல் வந்த புதிய விதிகளில் 3 வரை. பழையவர்களுக்குக் கட்டுகிற பரப்பில் 50 சதவீதம் ஊக்கப் பரப்பு என்கிற கணக்கில் அதற்கு மேலும் போகலாம். 2009-ல் 33(9) வந்தது. ஒற்றைக் கட்டடமாக இல்லாமல், தீவு நகரத்தில் குறைந்தது 4,000 சதுர மீட்டர் உள்ள பகுதியை மொத்தமாக இடித்துக் கட்டும் திட்டம். இதற்குப் பேர் கிளஸ்டர்.

கவனியுங்கள், இதில் அரசு கஜானாவிலிருந்து காசு போகவில்லை. குடியிருப்பவர் தரவில்லை, வீட்டுக்காரரும் தரவில்லை, அவருக்குப் பங்கே வருகிறது. அரசு அச்சடித்துக் கொடுத்தது வானத்தை. மேலே கட்டுகிற உரிமையை. அதை ஃபிளாட்டாக வாங்குபவர்தான் கடைசியில் பணம் கட்டுகிறார், 20 வருஷ வீட்டுக் கடனில். (கடன் கொடுக்கிற எனக்குத் தெரியும் :-))

இதன் பலவீனமும் அங்கேதான். வானத்துக்கு நல்ல விலை கிடைக்கிற இடத்தில் பில்டர்கள் வரிசை கட்டினார்கள். குறுகிய சந்து, நிறைய குடித்தனம், விற்க மிஞ்சுவது கொஞ்சம் என்கிற கட்டடத்தை யாரும் சீண்டவில்லை. அதாவது, மிக மோசமான கட்டடங்கள்தான் கடைசி வரை நிற்கின்றன. இன்னொன்று, சந்தை படுத்தால் பில்டரும் படுத்துவிடுவார். கட்டடத்தை இடித்து, இரண்டு வருஷம் மாத வாடகை கொடுத்துவிட்டுக் கை விரித்த பில்டர்கள் எத்தனையோ. அந்தக் குடும்பங்களுக்குப் பழைய வீடும் இல்லை, புதிய வீடும் இல்லை.

2009-ல் சையத்னா முகமது புர்ஹானுத்தீன், பேண்டி பஜாரைப் புதுப்பிக்க ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தினார். 16.5 ஏக்கர், சுமார் 250 கட்டடம், 3,200 குடும்பம், 1,250 கடை. லாபம் பார்க்க வராத ஒரு சமூகத்தின் முயற்சி. அதற்கே எத்தனை வருஷம்! 2017 ஆகஸ்ட் 31 காலை, அதே பகுதியில் ஹுசைனி கட்டடம் விழுந்து 30-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆபத்தான கட்டடம் என்று முன்பே அறிவிக்கப்பட்டது. சில குடும்பங்கள் மாறிவிட்டிருந்தன, சில மாறவில்லை. 2019 ஜூலையில் டோங்கிரியில் கேசர்பாய் கட்டடம், 2020 ஜூலையில் ஃபோர்ட்டில் பானுசாலி கட்டடம்.

நல்ல செய்தியும் உண்டு. மேலே சொன்ன அரசுச் சால்களுக்கு 2017-ல் அடிக்கல் நாட்டினார்கள். 160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி. 2025 ஆகஸ்டில் ஒர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். அங்கே நிலம் அரசுடையது, கட்டுவது ம்ஹாடா. "யார் வீடு?" என்ற கேள்விக்குப் பதில் இருந்த இடத்தில் வேலை நடந்தது, மெதுவாகவாவது.

இப்போது எங்கே நிற்கிறோம்

வீட்டுக்காரர்கள் சங்க வழக்கில் 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. 32 வருஷம்! தனியாருடைய எல்லாச் சொத்தையும் "சமூகத்தின் வளம்" என்று சொல்லிவிட முடியாது என்றது பெரும்பான்மை. அரசியல் சட்டக் கேள்விக்கு இது பதில். 100 மடங்கு வாடகைப் பிரிவின் கதி தனியாக முடிவாக வேண்டும்.

இன்னொரு பக்கம், 2022 கடைசியில் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற ம்ஹாடா சட்டத் திருத்தத்தில் 79-ஏ பிரிவு இருக்கிறது. ஆபத்தான செஸ் கட்டடத்தைப் புதுப்பிக்க முதலில் வீட்டுக்காரருக்கு 6 மாதம். அவர் செய்யாவிட்டால் குடித்தனக்காரர்கள் சங்கத்துக்கு 6 மாதம். அதுவும் இல்லையென்றால் ம்ஹாடாவே எடுத்துக்கொள்ளும். பாதியில் நின்ற திட்டங்களையும் எடுக்க வழி உண்டு. முதல் தடவையாக இதில் காலக்கெடு வந்தது. ஆனால் நோட்டீஸ்கள் அனுப்பப்பட்ட விதத்தை மும்பை உயர்நீதிமன்றம் 2025-ல் கடுமையாகக் கேள்வி கேட்டது. ஆபத்து என்று சொல்ல ஒழுங்கான பரிசோதனை வேண்டாமா என்பதுதான் விஷயம்.

மாட்டுங்கா, கிர்காவ், தாதர் பக்கம் அப்பா அம்மா காலத்துப் பகடி வீடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், வங்கிக்காரன் என்ற முறையில் நாலு வார்த்தை:

வாடகையை ஒழுங்காகக் கட்டுங்கள், ரசீதை எறியாதீர்கள். அதுதான் உங்கள் பத்திரம். குடித்தனக்காரர் காலமானால் கூடவே வசித்த குடும்பத்தாருக்குத்தான் சட்டத்தில் முதலிடம், அப்படி யாரும் இல்லாவிட்டால்தான் மற்ற வாரிசு. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மா இருக்கும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 6 மாதத்துக்கு மேல் காரணமில்லாமல் பூட்டி வைத்தாலோ, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகை விட்டாலோ காலி செய்யச் சொல்ல அது போதும். பில்டர் வந்தால், பழைய விதியில் 70 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும், இப்போது 51 சதவீதம் போதும். எனவே கூட்டத்துக்குப் போங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். மாற்று வீட்டு வாடகைக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். பில்டர் முகம் சுளித்தால் அதிலேயே உங்களுக்கு ஒரு தகவல் இருக்கிறது.

இன்றும் 13,000-க்கு மேற்பட்ட செஸ் கட்டடங்கள் நிற்கின்றன. நூறு வருஷத்தில் இந்த ஊர் மூன்று விதமாகப் பில் கட்டிப் பார்த்துவிட்டது. முதலில் வீட்டுக்காரர் தலையில், பிறகு செஸ்ஸாக எல்லார் தலையிலும் கொஞ்சம், கடைசியில் புதிதாக ஃபிளாட் வாங்குபவர் தலையில். ஒவ்வொரு தடவையும் "இப்போது நாம் கட்ட வேண்டாம்" என்பதுதான் சட்டத்தின் கவர்ச்சி. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மராமத்துக்குக் கட்டியிருந்தால் தேக்கு உத்திரம் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கியிருக்கும். கட்டாத தவணை வட்டியோடு சேரும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இங்கே அந்த வட்டியை ஜூலை மாதத்தில் சில குடும்பங்கள் உயிரால் கட்டுகின்றன. நீங்கள் இருக்கும் சொசைட்டியில் அடுத்த முறை மராமத்து நிதிக்கு மாதம் 500 ரூபாய் கூட்டலாம் என்று செயலாளர் சொன்னால், எதிர்த்துக் கை தூக்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.